பூவாயிக்கு எடுத்த விசா

கராமா மீன் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு டைப்பிங் சென்டரில் இருபத்தாறு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். பெயர் செய்கு முகம்மது, ஊர் கீழக்கரை. விசா, ஐடி கார்டு, மெடிக்கல், வீட்டு ஒப்பந்தம் என்று துபாய் அரசாங்கத்துக்குப் போகிற விண்ணப்பம் எதுவானாலும் எங்களைப் போன்ற கடைக்கு வந்து அடித்துக்கொண்டு போவதுதான் இங்கே வழக்கம். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். "அம்மா பேரு என்ன?" என்று கேட்டால் "யாரு, எங்க அம்மாவா?" என்று திருப்பிக் கேட்கிற ஆட்களோடு இருபத்தாறு வருடம் குப்பை கொட்டினால் உங்களுக்கும் வரும்.

ஆயிரம் குடும்பத்தையாவது இந்தக் கை இங்கே கொண்டுவந்து சேர்த்திருக்கும். என் பெண்டாட்டி மட்டும் கீழக்கரையிலேயே இருக்கிறாள். குடும்ப விசாவுக்குக் கேட்கிற சம்பளம் எனக்கு ஒரு நாளும் வந்ததில்லை. அவளிடம் அதைச் சொன்னால், "ஊருக்கெல்லாம் எழுதுறிய, ஒங்களுக்கு எழுதத் தெரியலையா" என்று சிரிப்பாள். நானும் சிரித்துவிடுவேன்.

சொல்ல வந்தது என் கதை இல்லை. பூவாயி என்ற ஒரு பெண்ணின் கதை. ஆனால் அவளை நான் நேரில் பார்த்தது கடைசியில்தான். முதலில் அவள் மகன் விஜயபாஸ்கர் வந்தான்.

முதுகுளத்தூருக்குப் பக்கத்துக் கிராமம் அவனுக்கு. டிப்ளமோ முடித்துவிட்டு, இருபத்தொரு வயதில் ஜெபல் அலி துறைமுகத்தில் கிரேன் பராமரிப்பு வேலைக்கு வந்தான். நம்ம ஜில்லாக்காரப் பையன் என்பதால் எனக்கு ஒரு ஒட்டுதல். கம்பெனி கேம்ப் பிடிக்காமல் கராமாவில் ஒரு ரூமில் எட்டுப் பேரோடு படுத்துக்கொண்டு, அங்கிருந்து டியூட்டிக்குப் போய் வந்தான். அவன் வாழ்க்கையில் நடந்த நல்லது எல்லாவற்றையும் நான்தான் அடித்தேன். கல்யாணமாகி மனைவி ராதிகாவுக்கு விசா. மகன் பிறந்தபோது அவனுக்கு விசா. வேலை உயர்ந்து ஜெபல் அலி பக்கம் தனி ஃப்ளாட் எடுத்தபோது அந்த ஒப்பந்தம். ஒவ்வொரு முறையும் ஒரு பெட்டி பிஸ்கட்டோடு வருவான்.

நான்கு வருடத்துக்கு முன் ஒரு நாள் பிஸ்கட் இல்லாமல் வந்தான்.

"பாய், அம்மாவ இங்கயே கூட்டியாந்து வச்சுக்கணும். விசிட் இல்ல, நிரந்தரமா. என்னென்ன பேப்பர் வேணும்?"

"சம்பளம் இப்பப் போதும். ஒன்னோட பிறப்புச் சான்றிதழ், அம்மா பாஸ்போர்ட், ஊர்ல அவங்கள பாத்துக்க வேற ஆள் இல்லைங்குறதுக்கு ஒரு பேப்பர். அப்பாவுக்கும் சேத்துத்தான் போடணும். ரெண்டு பேரையும் சேத்துத்தான் இங்க கேப்பாங்க."

"அப்பா இல்ல பாய்."

"அப்ப டெத் சர்டிபிகேட் கொண்டா."

"அதுவும் இல்ல."

வரிசையில் ஏழு பேர் நின்றார்கள். எனக்குச் சுள்ளென்று வந்தது. "தம்பி, அப்பா இருக்காரு, இல்லைன்னா செத்துட்டாரு, இல்லைன்னா அம்மாவை விட்டுட்டாரு. மூணுல ஒண்ணு சொல்லு. நாலாவது கட்டம் இந்தக் கம்ப்யூட்டர்ல கெடையாது."

அவன் பெஞ்சில் போய் உட்கார்ந்தான். ஏழு பேரும் போகிற வரை அங்கேயே இருந்தான். பிறகு நானே டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டேன்.

அப்பா பன்னீர்செல்வம் தொண்ணூற்றாறில் சவுதியில் ஜுபைலுக்குப் போனவர். பைப் லைன் போடுகிற கான்ட்ராக்டில் ஹெல்பர். பாஸ்கருக்கு அப்போது ஐந்து வயது. இரண்டு வருடத்தில் வீட்டுக்கு போன் கனெக்‌ஷன் எடுக்கச் சொன்னார். அந்தத் தெருவில் அதுதான் முதல் போன். வெள்ளிக்கிழமை லீவு என்பதால் வெள்ளிக்கிழமைதோறும் கூப்பிடுவார். தொண்ணூற்றொன்பது பொங்கலுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை கடைசியாகக் கூப்பிட்டு, விசா கொடுத்த கபீல் சம்பளம் தரமாட்டேன் என்கிறான், பாஸ்போர்ட்டும் அவன் கையில் இருக்கிறது, வேறு இடம் பார்க்கப் போகிறேன் என்றாராம். அவ்வளவுதான். ஏஜென்ட்டிடம் கேட்டதற்கு ஓடிவிட்டான் என்றான். தூதரகத்துக்கு எழுதிய கடிதங்களுக்குப் பதில் வரவில்லை.

பூவாயி அந்த போனை விடவே இல்லை. ஊரெல்லாம் கைபேசி வந்து, தெருவில் இருந்த போன்களை எல்லோரும் திருப்பிக் கொடுத்த பிறகும் அவள் வைத்திருந்தாள். மழையில் லைன் செத்துப்போனால் பஸ் ஏறி முதுகுளத்தூர் எக்ஸ்சேஞ்சுக்குப் போய் நிற்பாள். லைன்மேன்கள் அவளுக்குப் பயந்தே சரிசெய்து கொடுத்தார்களாம். புருஷனுக்குத் தெரிந்த நம்பர் அது ஒன்றுதான் என்பது அவள் கணக்கு. வெள்ளிக்கிழமைகளில் கல்யாணம், காதுகுத்து எதற்கும் வெளியே போக மாட்டாள். மகன் இருக்கும் துபாய்க்கு ஒரு மாதம் வந்து போகச் சொன்னால், "அதுல நாலு வெள்ளிக்கெழம வருதேடா" என்பாளாம்.

பாஸ்கர் என்னிடம் வந்த அந்த வருடம் ஒரு வெள்ளிக்கிழமை அவள் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாள். இடுப்பெலும்பு. கைபேசி அடுப்படியில் கிடந்தது. பாஸ்கர் கைபேசிக்கு அடித்துப் பார்த்து, எடுக்கவில்லை என்றதும் வீட்டு போனுக்கு அடித்திருக்கிறான். அந்த மணிச் சத்தம் அவள் காதில் விழுந்தது. உடைந்த இடுப்போடு குளியலறையிலிருந்து நடைவரை தவழ்ந்து வந்திருக்கிறாள். மறுநாள் காலையில் பால்காரப் பெண் பார்க்கும்போது போன் மேசைக்குக் கீழே நினைவில்லாமல் கிடந்தாளாம்.

"ஆஸ்பத்திரில கண்ணு முழிச்சதும் எங்கிட்ட என்ன சொல்லுச்சு தெரியுமா பாய்? 'அப்பா கூப்புட்டாருடா, எடுக்க முடியாமப் போச்சு'ன்னு அழுவுது. அது நாந்தாம்மான்னு சொல்றதுக்கு எனக்கு வாய் வரல."

சொல்லிவிட்டு அழுதான். முப்பது வயதுப் பையன், கடையில் ஆள் வந்துபோகிற இடத்தில்.

வழி ஒன்று இருந்தது. ஏழு வருடத்துக்கு மேல் ஒருவரைப் பற்றித் தகவலே இல்லை என்றால், இறந்துவிட்டதாக அறிவிக்கச் சொல்லி ஊரில் கோர்ட்டுக்குப் போகலாம். தீர்ப்பு வந்தால் சான்றிதழ் கிடைக்கும், அதை வைத்து நான் விசா அடிப்பேன். ஆனால் மனுப் போட வேண்டியது மனைவி. பாஸ்கர் சொல்லிப் பார்த்தான். அவள் மாட்டேன் என்றாள். ஒரு மாதம் கழித்து, "நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க பாய், பெரியவங்க சொன்னா கேக்கும்" என்று என் கையில் போனைக் கொடுத்தான்.

"அண்ணே, அவுக செத்துட்டாகன்னு நான் எப்புடிண்ணே சொல்லுவேன்? நான் பாக்கலையே" என்றாள் பூவாயி. மெதுவான குரல்.

"நீங்க செத்துட்டார்னு சொல்ல வேணாம்மா. தகவல் இல்லன்னு சொன்னாப் போதும். மீதிய கோர்ட்டு சொல்லிரும்."

"கோர்ட்டுக்கு மட்டும் எப்புடித் தெரியுமாம்?"

எனக்கு அன்றைக்கு அவசரம். ஒருவர் மெடிக்கல் பேப்பரோடு மேசையைத் தட்டிக்கொண்டு நின்றார். "தங்கச்சி, இது சும்மா காகிதம்" என்றேன். "காகிதத்துல ஒரு வரி. அதுக்கும் நம்ம வாழ்க்கைக்கும் என்ன சம்பந்தம்? நாளைக்கே அவரு வந்து நின்னா அந்தக் காகிதத்தக் கிழிச்சுப் போட்டாப் போச்சு. இங்க பேரன் இருக்கான், மருமக இருக்கா. அங்க தனியாக் கெடந்து இன்னொரு தடவ விழுந்தா என்ன ஆகும்? மகன் இங்க டியூட்டி பாப்பானா, ஒங்கள நெனச்சுக்கிட்டு உக்காந்திருப்பானா?"

"காகிதத்துல மட்டுந்தானே அண்ணே?"

"காகிதத்துல மட்டுந்தான்."

ஒத்துக்கொண்டாள். ஒரு பெரிய காரியத்தைச் சாதித்த சந்தோஷத்தில் அந்த மெடிக்கல் ஆளுக்குக்கூட அன்று நான் சிடுசிடுக்காமல் அடித்துக் கொடுத்தேன்.

கேஸ் ஒன்றரை வருடம் நடந்தது. பேப்பரில் விளம்பரம் போடச் சொன்னார்கள், போட்டார்கள். எனக்கு மனசு கேட்காமல், நானும் என் பங்குக்கு ஒரு அறிவிப்பு அடித்தேன். பன்னீர்செல்வத்தின் பழைய பாஸ்போர்ட் போட்டோ, ஊர், ஜுபைல், தொண்ணூற்றொன்பது, மனைவி பெயர் பூவாயி, கோர்ட்டில் வழக்கு நடக்கிறது, தெரிந்தவர்கள் இந்த நம்பருக்குக் கூப்பிடவும் என்று கடை நம்பரைப் போட்டு, சவுதி, குவைத், ஓமன் என்று எனக்குத் தெரிந்த தமிழ் வாட்ஸ்அப் குழுக்களுக்கெல்லாம் அனுப்பினேன். இரண்டு மூன்று பேர் வேறு யாரையோ நினைத்துக் கூப்பிட்டார்கள். அதோடு சரி.

தீர்ப்பு வந்தது. பாஸ்கர் பத்து நாள் லீவு போட்டுவிட்டு ஊருக்குப் போனான். சான்றிதழ் வாங்கத்தான் போகிறான் என்று நினைத்தேன். திரும்பி வந்தபோது தலை மொட்டையாக இருந்தது.

கோர்ட்டில் செத்தவனுக்கு வீட்டில் காரியம் செய்யாமல் விட்டால் தெருவுக்கே தீட்டு என்று பங்காளிகள் பிடித்துக்கொண்டார்களாம். அடுத்த மாதம் கோயில் திருவிழா, காப்புக் கட்ட முடியாது என்றார்களாம். வைக்கோலில் ஆள் உயரத்துக்கு உருவம் கட்டி, வேட்டி சுற்றி, பாடையில் வைத்துச் சுடுகாட்டுக்குத் தூக்கிப் போயிருக்கிறார்கள். பாஸ்கர் கொள்ளி வைத்தான். பெண்கள் பூவாயியைச் சுற்றி உட்கார்ந்து தாலியைக் கழற்ற வந்தபோது, யாரும் தொடக் கூடாது என்று சொல்லி அவளே கழற்றிக் கொடுத்தாளாம்.

"அம்மா ஒண்ணும் சொல்லலையா?" என்று கேட்டேன்.

"சொல்லுச்சு பாய். 'ஜட்ஜு முன்னால சத்தியம் பண்ணிட்டு வந்தவ தாலியோட எப்புடிடா இருப்பேன்'னு சொல்லுச்சு."

காகிதத்துக்கும் வாழ்க்கைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டவன் நான். எங்களிலும் கணவன் போனால் நாலு மாதம் பத்து நாள் இத்தா இருக்கிற பெண்களைப் பார்த்து வளர்ந்தவன்தான். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். என் கம்ப்யூட்டரில் அடிக்கிற ஒரு வார்த்தைக்கு முதுகுளத்தூர்ப் பக்கம் ஒரு பாடை கட்டுவார்கள் என்று எனக்குத் தோன்றாமல் போனது.

இரண்டாயிரத்து இருபத்து மூன்று ஜூன் மாதம் விசா வந்தது. கிளம்புவதற்கு முதல் நாள் எக்ஸ்சேஞ்சுக்குப் போய் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள். இனிமேல் யாருக்கு என்று கேட்டாளாம்.

ஐடி கார்டுக்கு விண்ணப்பிக்க அவளைக் கடைக்குக் கூட்டி வந்தான். நெற்றி வெறுமையாக, வெளிர்நிறச் சேலையில், ஒரு காலைச் சற்று இழுத்து நடந்து வந்தாள். ஐம்பத்தாறு வயது என்று பாஸ்போர்ட் சொன்னது. பார்க்க அறுபத்தைந்து போல இருந்தாள். நான் எழுந்து நாற்காலியைப் போட்டேன். யாருக்கும் எழுந்து நிற்கிறவன் இல்லை நான்.

அடித்துக்கொண்டே வந்து, திருமண நிலை என்ற இடத்தில் விதவை என்பதைத் தேர்ந்தெடுத்தேன். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனாலும் "அது என்னண்ணே போட்டீக?" என்று கேட்டாள். சொன்னேன். தலையை ஆட்டினாள். "ஜுபைலு இங்கேர்ந்து எம்புட்டுத் தூரம்ணே?" என்றாள்.

"தூரம்மா. சவுதில இருக்கு."

"மகன் வேல பாக்குற எடம் மாதிரித்தான் இருக்குமோ?"

"ஆமா. இதே மாதிரித்தான் இருக்கும்."

"இந்த வெயில்ல நின்னுக்கிட்டுத்தான் எங்ககிட்ட போன்ல சிரிச்சுப் பேசிருக்காக" என்றாள்.

ஒரு வருடம் நல்லபடியாகப் போனது. பேரனோடு இங்கிலீஷில் மல்லுக்கட்டினாள். கீழே இருக்கும் பூங்காவில் நாலு தமிழ்ப் பெண்களைப் பழக்கம் பிடித்துக்கொண்டாள். பெற்றோர் விசா வருடத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டும். முதல் தடவை வந்தபோது முகத்தில் கொஞ்சம் சதை போட்டிருந்தது. நான் செய்தது நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்கு அடுத்த மாதம், போன வருடம் ஜூலையில், மதியம் லுஹர் தொழுதுவிட்டு வந்து சாப்பாட்டு டப்பாவைத் திறக்கிறேன், கடை போன் அடித்தது. ஓமன் நம்பர்.

"செய்கு முகம்மது பாயா?"

"ஆமா, சொல்லுங்க."

"வாட்ஸாப்புல ஒரு போட்டோ வந்துச்சு. ஒரு பய காட்டுனான். பன்னீர்செல்வம்னு."

"அது பழசுண்ணே. ரெண்டு வருஷம் ஆச்சு. கேஸு முடிஞ்சிருச்சு."

"அந்தப் பொம்பள... பூவாயி. நல்லா இருக்கா?"

பெயரைச் சொன்ன விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. "நீங்க யாரு?" என்றேன்.

"நாந்தான்" என்றார்.

இனி எழுதப்போவதை என் பெண்டாட்டியிடம்கூட நான் சொன்னதில்லை. சுடுகாட்டில் எரித்த மனிதர் உயிரோடு பேசுகிறார். அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லியிருக்கலாம். எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டிருக்கலாம். இருங்கள், உங்கள் மகனைக் கூப்பிடுகிறேன் என்று சொல்லியிருக்கலாம். என் வாயிலிருந்து முதலில் வந்தது என்ன தெரியுமா?

"ஐயையோ, அப்ப அவங்க விசா போயிருமே!"

இருபத்தாறு வருடப் புத்தி. மனிதர்களைப் பார்க்காமல் பேப்பரையே பார்த்துப் பழகிய புத்தி.

"என்ன விசா?" என்றார்.

உளறினேன். நீங்கள் இறந்ததாகச் சான்றிதழ் வைத்துத்தான் மகன் உங்கள் மனைவியை இங்கே கூட்டி வந்திருக்கிறான், இப்போது துபாயில்தான் இருக்கிறார் என்றேன். பிறகுதான் சுதாரித்துக்கொண்டு, எங்கே இருக்கிறீர்கள், என்ன ஆயிற்று என்று கேட்டேன். ஓமனில் சலாலா என்றார். சவுதியிலிருந்து லாரியில் ஒளிந்து வந்தவர். பேப்பர் எதுவும் இல்லை. தென்னந்தோப்பு, வாழைத்தோப்பு என்று இத்தனை வருடமும் வேலை.

"ஒரு தடவ கூப்புட்ருக்கக் கூடாதாண்ணே? இருபத்தஞ்சு வருஷமா?"

"மொத ரெண்டு வருஷம் கையில ஒண்ணுமில்லாம எப்புடிக் கூப்புடுறதுன்னு இருந்துச்சு பாய். அப்புறம் என்னத்தச் சொல்லிக் கூப்புடுறதுன்னு ஆயிப்போச்சு. மூணு நாளா ஊரு நம்பருக்கு அடிச்சேன். போகல. அதான் இதுல அடிச்சேன்."

"போன வருஷம் ஜூன் வரைக்கும் அந்த போன அவங்க வச்சிருந்தாங்க. இங்க வாரதுக்காகத்தான் குடுத்தாங்க."

"இம்புட்டு நாளும் வச்சிருந்தாளா?"

"வெள்ளிக்கிழம வெளியவே போக மாட்டாங்களாம்."

"பய என்ன பண்றான்?" என்றார். துறைமுகத்தில் சூப்பர்வைசர், பேரன் இருக்கிறான் என்றேன். "அப்ப இருக்கட்டும் பாய். நான் இருக்கேன்னு சொன்னா அவள ஊருக்கு அனுப்பிருவாக. இருக்குறது இருக்குறபடியே இருக்கட்டும். சொல்லிறாதீக."

விசா எல்லாம் பார்த்துக்கொள்ளலாம் அண்ணே, வைக்காதீர்கள் என்று கத்தினேன். லைன் கட்டாகிவிட்டது. திரும்ப அடித்ததில் ஒரு மலையாளி எடுத்தார். சாலையோரம் இளநீர்க் கடை வைத்திருப்பவராம். வயதான ஒருவர் போனை வாங்கிப் பேசினார், போய்விட்டார், எந்தத் தோப்பு என்று தெரியாது என்றார்.

அன்று மாலையே பாஸ்கரை வரச்சொல்லிச் சொன்னேன். சொல்லாமல் இருக்க எனக்குத் தெம்பில்லை. அவன் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"என்னையப் பத்திக் கேட்டாரா பாய்?"

"கேட்டாருப்பா."

"கொரலு எப்புடி இருந்துச்சு? என் கொரல் மாதிரியா?"

ஆமாம் என்றேன். உண்மையில் நான் கவனிக்கவில்லை. அவர் ஏன் போனை வைத்தார் என்று கேட்டான். லைன் கட்டாகிவிட்டது என்றேன். நான் முதலில் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் சொல்லவில்லை.

"அம்மாகிட்ட இப்பச் சொல்ல வேணாம்" என்றான். "விசா போனாப் போகட்டும் பாய், அது ஒண்ணுமில்ல. ஆளக் கொண்டாந்து நிறுத்திட்டுச் சொல்லுவோம். இருக்காரு, ஆனா வரமாட்டேங்குறாருன்னு அதுகிட்ட எப்புடிச் சொல்றது?"

ஆகஸ்டில் சலாலாவில் சாரல். துபாய்க்காரர்கள் குடும்பம் குடும்பமாகக் காரை எடுத்துக்கொண்டு பச்சையைப் பார்க்கப் போவார்கள். பாஸ்கரும் போனான், மனைவி, மகன், அம்மா எல்லோரையும் ஏற்றிக்கொண்டு. எந்தக் கடையில், எந்தத் தோப்பில் இருந்தாலும் கண்ணில் பட்டுவிட வேண்டும், பட்டால் அம்மாவும் கூடவே இருக்க வேண்டும் என்று நினைத்தான். நாலு நாள் தேடியிருக்கிறான். அந்த மலையாளியின் கடையைக் கண்டுபிடித்தான். அங்கிருந்து ஒரு தோப்பைக் காட்டினார்கள். செல்வம் அண்ணன் என்று ஒருவர் இருந்தார், போன மாதம் சம்பளக் கணக்கு முடிக்காமலே எங்கோ போய்விட்டார் என்றான் அங்கே இருந்த பெங்காலி. போன மாதம் என்றால், அவர் என்னோடு பேசிய அதே மாதம்.

அதற்குப் பிறகும் பாஸ்கர் மூன்று தடவை தனியாகப் போய்த் தேடினான். அந்த மலையாளி இன்னும் எனக்கு எப்போதாவது கூப்பிட்டு, இல்லை பாய், பார்க்கவில்லை என்பார். நல்ல மனிதர்.

போன மாதம் பூவாயியின் விசாவை மறுபடியும் புதுப்பிக்க வேண்டி வந்தது. பாஸ்கர் காரை நிறுத்த இடம் தேடிப் போயிருந்தான். அவள் என் எதிரில் உட்கார்ந்து சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நல்ல குஷியில் இருந்தாள். போன வருடம் சலாலா போய் வந்ததை என்னிடம் இன்னும் சொல்லவில்லையாம்.

"எம் மகனுக்கு இளநின்னா இம்புட்டு உசுருன்னு எனக்கு அங்க வச்சுத்தாண்ணே தெரியும். ஒரு கட விடலையே! எறங்கு, குடிம்மா, எறங்கு, குடிம்மா. எனக்கு வவுறு தாங்கல. ஒவ்வொரு கடையிலயும் உள்ள போயி யாருகூடயாச்சும் பேசிக்கிட்டு நிப்பான். நான் கார்ல இருந்து பாத்துக்கிட்டே இருப்பேன். தென்ன, வாழ, சாரலு... நம்ம பக்கமே தோத்துரும்ணே. அவுக ஜுபைலுக்குப் போனதுக்கு இங்கிட்டு வந்திருந்தாலும் நெழல்ல இருந்து வேல பாத்திருப்பாகளேன்னு நெனச்சுக்கிட்டேன்."

நான் திரையைப் பார்த்துக்கொண்டு அடித்தேன். பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண். திருமண நிலை வந்தது. விரல் அதற்குமேல் நகரவில்லை. கண் கலங்கிவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். மறுபடியும் போட்டுக்கொண்டாலும் அந்தக் கட்டம் அப்படியேதான் இருந்தது. சொல்லிவிடலாமா என்று ஒரு நொடி வாயைத் திறந்தேன். எதைச் சொல்வது? உங்கள் வீட்டுக்காரர் இருக்கிறார் என்றா, நான்தான் அவரைத் துரத்தினேன் என்றா?

அவள் திரையையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். இங்கிலீஷ் எழுத்துத் தெரியாவிட்டாலும் எந்த இடத்தில் நிற்கிறேன் என்று புரிந்துகொண்டாள். எனக்காகத்தான் அவள் பரிதாபப்பட்டாள், பாருங்கள்.

"போடுங்கண்ணே" என்றாள். "எதுக்குச் சங்கடப்படுறீக? காகிதத்துல மட்டுந்தானே. நீங்கதானே அன்னைக்குச் சொன்னீக."

போட்டேன். தாளை எடுத்துக் கொடுத்தேன். பேனாவை அழுத்திப் பிடித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, ப. பூவாயி என்று கையெழுத்துப் போட்டாள். அந்த முதல் எழுத்து அவர் பெயருடையது. நல்லா இருக்கா என்று கேட்டாள். நல்லா இருக்கும்மா என்றேன்.